ஒண்ணு பத்துக்கு அனுமதி கேக்கிறவ

அட, பேய்னா ராத்திரிதான் வரணும்னு எவன் சொன்னது? நான் சொல்ற இது மத்தியானம் வந்துச்சு. வெளிய வெயில் மண்டையைப் பொளக்குது, ஆபீஸ் மொத்தமும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டு மேல்மாடிக்குப் போயிடுச்சு, அந்த நேரத்துல. சரியா ஒண்ணு பத்து. ஒரு நிமிஷம் முன்ன பின்ன கிடையாது.

மிளகு அங்க வேலைக்குச் சேர்ந்தது ஒரு திங்கக்கிழமை. மிளகுங்கிறது காலேஜ்ல வெச்ச பேரு. ஆள் குள்ளம், வாய் காரம். ஒரு வருஷத்துல இது அவளுக்கு மூணாவது வேலை. முதல் கம்பெனியை அவங்களே மூடிட்டாங்க. ரெண்டாவது கம்பெனியில இவ வாயை மூடல. "இதுலயாவது பல்லைக் கடிச்சுக்கிட்டு இருடி, இதுவும் போச்சுன்னா அப்புறம் எவனும் உன்னைக் கம்ப்யூட்டர் பக்கமே விடமாட்டான்"னு அம்மா வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினாங்க.

அது ஒரு மருந்து கோடவுன். பழைய கட்டடம். மேல ஆபீஸ், கீழ குளிர் ரூமுங்க. அதுல கடைசி ரூம்தான் ஃப்ரீசர், மைனஸ் இருபத்தஞ்சு டிகிரி. கட்டடத்துக்குள்ள கால் வெச்சதும் ஒரு சத்தம் கேக்கும். ம்ம்ம்னு, யாரோ வாயை மூடிக்கிட்டு முனகற மாதிரி. மோட்டார் சத்தம்தான். ரெண்டு நாள்ல பழகிடும்னாங்க. அப்புறம் ஒரு வாசனை. பழைய ஐஸ் பெட்டியைத் திறந்தா மூஞ்சியில அடிக்குமே, ஒண்ணுமே இல்லாத ஒரு வாசனை, அது.

மிளகோட மேலதிகாரியை எல்லாரும் சாவி சார்னுதான் கூப்பிடுவாங்க. இருபது வருஷமா அந்தக் கட்டடத்துல எந்தக் கம்ப்யூட்டர்ல யாரு எதைத் திறக்கலாம், எந்தக் கதவு யாரு கார்டுக்குத் திறக்கும், எல்லாத்துக்கும் அனுமதி குடுக்கிறது அவரு ஒருத்தருதான். அந்த ஆபீஸுக்குள்ள ஒரு கொசு வரணும்னாகூட அவரு டிக் போடணும்.

"இங்க பாரும்மா," முதல் நாளே சொல்லிட்டாரு. "நீ சாதாரண யூசர். பிரிண்டருக்கு மை ஊத்து, மானிட்டரைத் தொடை. மத்தது எல்லாம் என்கிட்ட கேட்டுத்தான்."

"சரிங்க சார். மானிட்டரைத் தொடைக்க அனுமதி இப்பவே குடுத்துட்டீங்களா, இல்ல தனியா கேக்கணுமா?"

அவரு சிரிக்கல.

அன்னைக்கு மத்தியானம் யாரையும் தெரியாததால மிளகு சீட்டுலயே உக்காந்து சாப்பிட்டா. அம்மா வழக்கம்போல ஒண்ணு அஞ்சுக்குப் போன் பண்ணி "சாப்பிட்டியாடி?"ன்னு கேட்டு வெச்சாங்க. எதிர்ல கம்ப்யூட்டர்ல இப்ப யாரு யாரு உள்ள இருக்காங்கன்னு காட்டுற லிஸ்ட் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் சாப்பிடப் போயிட்டதால ஒவ்வொரு பேரா மறைஞ்சு லிஸ்ட் காலியாச்சு.

ஒண்ணு பத்துக்கு ஒரு பேரு மட்டும் வந்துச்சு.

ஸ்டாக் ரெண்டு.

சாதாரண யூசர்தான். பக்கத்துல சின்னதா ஒரு பூட்டு படம் இருக்கும், அது மூடியிருந்தா சாதாரண ஆளு. மிளகு பாத்துக்கிட்டே இருக்கா, அந்தப் பூட்டு திறந்துக்கிச்சு. முழு அனுமதி. சாவி சாருக்கு மட்டும் இருக்கிற அனுமதி. சரியா ஒரு நிமிஷம். அப்புறம் பேரே காணோம்.

மிளகு ஒரு வாய் எடுத்து வெச்சா. பல்லு கூசிச்சு. இப்பத்தான் சூடா திறந்த சாப்பாடு, கல்லு மாதிரி உறைஞ்சு கிடந்துச்சு.

அவளுக்கு ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஏறிடுச்சுன்னா தூக்கம் வராது. மறுநாள் காலையிலேயே ஓட்டையைக் கண்டுபுடிச்சிட்டா. தினம் ஒண்ணு பத்துக்குக் கம்ப்யூட்டர்ல சேர்ற குப்பை ஃபைலை எல்லாம் சுத்தம் பண்ற ஒரு புரோகிராம் ஓடும். எல்லாரும் சாப்பிடப் போற நேரம், யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு சாவி சார் பல வருஷம் முன்னாடி எழுதி வெச்சது. ஆபீஸ் கூட்டறவங்ககிட்ட எல்லா ரூம் சாவியும் இருக்கும்ல, அந்த மாதிரி அந்தப் புரோகிராமுக்கு எல்லா அனுமதியும் உண்டு. ஆனா அது என்ன வேலை செய்யணும்னு எழுதின சீட்டு இருக்கே, அது எல்லாரும் கை வைக்கக்கூடிய ஒரு பொது ஃபோல்டர்ல கிடந்துச்சு. எவன் வேணாலும் அந்தச் சீட்டுல "என்னை ராஜா ஆக்கு"ன்னு ஒரு வரி சேத்து எழுதிட்டுப் போகலாம். ஒண்ணு பத்துக்குச் சாவிக் கொத்தோட வர்ற புரோகிராம், யாரு எழுதினதுன்னு கேக்காம அதைச் செஞ்சிட்டுப் போயிடும்.

"சார், யாரோ ஸ்டாக் ரெண்டுங்கிற பேர்ல இந்த ஓட்டை வழியா மேல ஏறிக்கிட்டு இருக்காங்க சார்."

சாவி சார் கையில இருந்த பேனா நின்னுச்சு.

"அப்படி ஒரு பேரே இல்லையே."

"நேத்து என் கண்ணால பாத்தேன் சார்."

"அதை நான் அழிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு." குரலை இறக்கினாரு. "அந்த ஃபோல்டர் பக்கம் போகாத. வாயையும் திறக்காத. புரியுதா?"

அன்னைக்கு ஒண்ணு பத்துக்கு ஸ்டாக் ரெண்டு மறுபடி வந்துச்சு. ஒண்ணு பதினொண்ணுக்குப் போச்சு. சாப்பிட்டுட்டு வந்த சாவி சார் ஒரு பேப்பர் பிரிண்ட் போட்டாரு. "உங்களுக்கு அனுமதி இல்லை"ன்னு வந்துச்சு.

புதன்கிழமை அவரோட மெயில் திறக்கல. வியாழக்கிழமை லிஃப்ட் அவரு கார்டுக்கு நிக்கல, வெளி வாசல் கதவும் திறக்கல. வாட்ச்மேன் அண்ணன் பதிவு நோட்டுல அவரு பேரை எழுதி, 'விருந்தாளி'ன்னு ஒரு அட்டையைக் கழுத்துல மாட்டி உள்ள விட்டாரு. இருபது வருஷம் சாவி கையில வெச்சிருந்த மனுஷன் கழுத்துல விருந்தாளி அட்டை. ஆபீஸ்ல எல்லாரும் மானிட்டருக்குப் பின்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. போன அனுமதியை அவரு எத்தனை தடவை திரும்பப் போட்டாலும் அடுத்த ஒண்ணு பத்துக்கு அது போயிடுச்சு, கூடவே இன்னொண்ணும் போச்சு.

மிளகு சிரிக்கல. ஏன்னா அவரு அவளைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"நீ வந்த நாள்ல இருந்துதான் இது எல்லாம். அந்த ஓட்டையைப் பத்தி உனக்குத்தான் தெரியும்."

"நான் இல்லை சார். நான்தான் உங்ககிட்ட வந்து சொன்னேன்."

"நாளைக்கு லெட்டர் வரும்."

அன்னைக்குச் சாயந்திரம் மிளகு வாட்ச்மேன் அண்ணன் பக்கத்துல போய் நின்னா.

"அண்ணே, ஸ்டாக் ரெண்டுன்னா யாருண்ணே?"

அவரு சுத்தி முத்தியும் பாத்தாரு. "உனக்கு எதுக்கும்மா அது?"

"என் வேலை போகப் போகுதுண்ணே."

"ஸ்டாக் அக்கான்னு ஒருத்தங்க இருந்தாங்க, கம்ப்யூட்டர்ல அவங்க பேருதான் ஸ்டாக் ரெண்டு. நல்லா பேசுவாங்க, உன்னை மாதிரியே வாய். ஒரு நாள் பெரிய மீட்டிங், இருபது பேரு உக்காந்திருக்காங்க, சாவி சார் ஸ்கிரீன்ல 'சார், உங்க வீட்டுக் கதவு திறந்து கிடக்கு'ன்னு எழுத்து வந்துச்சு. அக்கா வேலைதான். ஏதோ ஓட்டை இருக்குன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தாங்களாம், அவரு கண்டுக்கல, அதான் காட்டிட்டாங்க. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அவரு மூஞ்சியில ஈ ஆடல."

"அப்புறம்?"

"அந்த வாரமே சனிக்கிழமை, அக்கா ஸ்டாக் எண்ண ஃப்ரீசருக்குள்ள போனாங்க. ரெண்டு நிமிஷ வேலைன்னு கோட்டுகூடப் போடல. உள்ள இருந்து வெளிய வரவும் கார்டு தேய்ச்சாத்தான் கதவு திறக்கும், மருந்து திருட்டுப் போகுதுன்னு அவரு போட்ட சட்டம். கதவு திறக்கல. மெஷின் ரிப்பேர்னு சொன்னாங்க. திங்கக்கிழமை காலையில நான்தான் பாத்தேன். கார்டு தேய்க்கிற மெஷின்லயே கை ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. எடுக்க வரல."

வெள்ளிக்கிழமை ஒண்ணு அஞ்சுக்கு அம்மா போன் வரல.

ஒண்ணு பத்துக்குப் பொது ஃபோல்டர்ல ஒரு புது ஃபைல் வந்துச்சு. மிளகு திறந்தா. ரெண்டு வருஷம் முன்னாடி சனிக்கிழமை தேதி. முதல் வரி: ஒண்ணு பத்து, ஸ்டாக் ரெண்டோட எல்லா அனுமதியும் ரத்து. செஞ்சவர் சாவி. அதுக்குக் கீழ ஒண்ணு பன்னெண்டு, ஃப்ரீசர் கதவு, ஸ்டாக் ரெண்டு, வெளியேற அனுமதி இல்லை. ஒண்ணு பதிமூணு, வெளியேற அனுமதி இல்லை. அப்படியே கீழ கீழ போகுது. மிளகு எண்ணினா. நாப்பத்தொண்ணு. கடைசி தடவை சாயந்திரம் அஞ்சு அம்பத்திரண்டு.

அதுக்கும் கீழ தனியா ஒரு வரி.

எச்சரிக்கையைப் பார்த்தவர்: சாவி. ஒண்ணு பதினாலு.

பாத்திருக்காரு. அக்கா உள்ள மாட்டிக்கிட்டு கார்டைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கிறதை, இதே ஸ்கிரீன்ல, இதே சாப்பாட்டு நேரத்துல.

"கொஞ்சம் பயப்படட்டும்னுதான் விட்டேன்."

மிளகுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சாவி சார் அவ தோளுக்குப் பின்னாடி நின்னு படிச்சுக்கிட்டு இருந்தாரு. கையில ஒரு கவர்.

"சாப்பிட்டுட்டு வந்து திறந்து விடலாம்னு போனேன். அன்னைக்கு வீட்டுல இருந்து போன். அப்படியே கிளம்பிட்டேன். மறந்துட்டேன்." கெஞ்சற மாதிரி சொன்னாரு. உடனே குரல் மாறிடுச்சு. "இதை எல்லாம் நான் அழிச்சிட்டேன். எங்க இருந்து எடுத்த?"

"நான் எடுக்கல சார். அதுவா வந்துச்சு."

அவரு கண்ணு ஓடிச்சு. "ஃப்ரீசருக்குள்ள இருக்கிற கார்டு மெஷின். அதுல தனியா நினைவு இருக்கும். அதைப் புடுங்கி எறியாம விட்டது என் தப்பு." கவரை மேஜை மேல போட்டாரு. "உன் கார்டைக் குடு. என்னுது வேலை செய்யல."

மிளகு குடுக்கிறதுக்குள்ள கழுத்துல இருந்து அவரே உருவிக்கிட்டாரு. படியில தடதடன்னு இறங்கற சத்தம். அப்புறம் அந்த ம்ம்ம் மட்டும்தான்.

மிளகு கவரைப் பிரிச்சா. இவதான் ஓட்டை வழியா திருட்டுத்தனமா அனுமதி எடுத்தா, சாவி சாரோட அனுமதியைப் பறிச்சா, இனி எந்த ஆபீஸ்லயும் இவளைக் கம்ப்யூட்டர் தொட விடக் கூடாதுன்னு, தெரிஞ்ச கம்பெனிக்கு எல்லாம் நகல் போட்டு எழுதியிருந்தாரு. அம்மா மூஞ்சி ஞாபகம் வந்துச்சு.

ஸ்கிரீன்ல டிங்குன்னு ஒரு சத்தம்.

ஃப்ரீசர் கதவு. மிளகு. வெளியேற அனுமதி இல்லை. ஒண்ணு பத்தொன்பது.

அவளுக்கு ஒரு நொடி புரியல. அப்புறம் கழுத்தைத் தொட்டுப் பாத்தா. அவ கார்டு. அவரு உள்ள இருக்காரு.

டிங். வெளியேற அனுமதி இல்லை.

டிங்.

அக்கா போனதுக்கு அப்புறம் ஃப்ரீசருக்குள்ள ஒரு கேமரா வெச்சிருந்தாங்க. மிளகு அதைத் திறந்தா. கருப்பு வெள்ளையில சாவி சார், சட்டையோட, வாயில இருந்து புகை புகையா வருது. கதவைக் காலால ஒதைக்கிறாரு. சத்தம் இல்லை. கார்டை மெஷின்கிட்ட கொண்டு போறாரு, திடீர்னு கையைப் பின்னாடி இழுத்துக்கிறாரு, மறுபடி கொண்டு போறாரு.

ஏன் இழுக்கிறாரு?

மிளகு கிட்டக்க போய்ப் பாத்தா.

மெஷின் மேல ஏற்கெனவே ஒரு கை இருந்துச்சு.

வெள்ளையா. மணிக்கட்டு வரைக்கும். அதுக்கு மேல ஒண்ணும் இல்லை.

அவரு அந்தக் கை மேலதான் கார்டைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு.

டிங். அஞ்சு.

டிங். ஆறு.

ஸ்கிரீன் நடுவுல ஒரு கருப்புக் கட்டம் திறந்துச்சு. யாரோ மெதுவா டைப் அடிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தா வந்துச்சு. 'ஸ்டாக் ரெண்டு உங்களுக்கு முழு அனுமதி குடுத்திருக்காங்க.' அதுக்குக் கீழ 'கதவைத் திறக்கவா?' அதுக்கும் கீழ ரெண்டே பட்டன். ஆமா. வேண்டாம்.

போன் அடிச்சுது. அம்மான்னு காட்டிச்சு. மிளகு எடுத்தா.

"சாப்பிட்டியா?"

அம்மா எப்பவும் 'டி' போட்டுத்தான் கேப்பாங்க.

"அம்மா?"

போன்ல அந்த முனகல். ம்ம்ம். அப்புறம் காதுக்குள்ள குளிரா, ரொம்ப அன்பா ஒரு குரல்.

"போய்ச் சாப்பிட்டுட்டு வா. அவரு அப்படித்தான் போனாரு."

போன் கட்டாயிடுச்சு.

மவுஸ் ஐஸ் மாதிரி இருந்துச்சு. மிளகு அதுல கையை வெச்சா. ஆமா பட்டனுக்குக் கொண்டு போனா. ஒரு அழுத்து, அவ்வளவுதான் வேலை. அனுமதி இருக்கு. வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டிருந்தாகூடக் கடப்பாறையோட வந்திருப்பாரு. ஒரு சத்தம் குடுத்தாப் போதும்.

பக்கத்துல அந்த லெட்டர் கிடந்துச்சு.

டிங். ஏழு.

அவ லெட்டரை இன்னொரு தடவை படிச்சா. முதல் எழுத்துல இருந்து கடைசி கையெழுத்து வரைக்கும். நிதானமா.

டிங். பதினொண்ணு.

டிங். பதினெட்டு.

கேமராவுல அவரு உக்காந்துட்டாரு. உக்காந்தபடியே கையை மட்டும் தூக்கித் தூக்கித் தேய்க்கிறாரு. அந்த வெள்ளைக் கை அசையவே இல்லை.

டிங். இருவத்திநாலு.

மிளகு டப்பாவைத் திறந்தா. கதவை இல்லை, டப்பாவை. அன்னைக்குச் சாப்பாடு உறையல. ஆவி பறந்துச்சு. ஒரு வாய் எடுத்து வாய்கிட்ட கொண்டு போனா. அப்பத்தான் தான் என்ன செய்யறோம்னு அவளுக்கே உறைச்சுது. கையில இருந்ததை உதறிட்டு ஆமா பட்டனைப் போட்டுக் குத்தினா, ஒரு தடவை இல்லை, பத்து தடவை.

எண்ணிக்கை இருவத்தொன்பதுல நின்னுச்சு. கீழ கதவு திறக்கிற சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு.

சாவி சார் உயிரோடதான் வந்தாரு. மிளகு கார்டு மட்டும் அந்த மெஷின்லயே ஒட்டிக்கிடுச்சு, கூடவே அவரு உள்ளங்கைத் தோலும். மேல்மாடியில இருந்து சாப்பிட்டுட்டு இறங்கி வந்தவங்க ஒவ்வொருத்தர் ஸ்கிரீன்லயும் அந்த நாப்பத்தொரு வரியும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கடைசி வரியோட. அதுக்கப்புறம் அந்த லெட்டரை யாரு மதிப்பாங்க? ஒரு மாசத்துல சாவி சார் சீட்டுல மிளகை உக்கார வெச்சாங்க. அம்மாவுக்கு ஒரே பெருமை.

கேஸாகி ஜாமீன்ல வெளிய வந்த சாவி சாரை வாட்ச்மேன் அண்ணன் ஒரு நாள் கடைத்தெருவுல பாத்தாராம். ஒரு கண்ணாடிக் கதவு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தாராம். ஆள் கிட்ட வந்தா தானா திறக்கிற கதவு. அவருக்குத் திறக்கல. யாராவது வந்தா அவங்க முதுகோட முதுகா ஒட்டிக்கிட்டு உள்ள நுழையறாராம். லிஃப்ட் அவருக்கு எந்த ஊர்லயும் நிக்கிறதில்லை. போன் அவரு மூஞ்சியைப் பாத்து 'யாரு நீங்க'ன்னு கேக்குதாம். வீட்டுக்குள்ள போகவே பொண்டாட்டி வந்து திறந்து விடணும். அவங்க தூங்கிட்டாங்கன்னா வாசல்தான்.

மிளகு செஞ்ச முதல் வேலை அந்த ஓட்டையை அடைச்சது. அந்தச் சீட்டைப் பூட்டி வெச்சா, புரோகிராமையே நிறுத்திட்டா. ஃப்ரீசர் கதவுக்கு உள்பக்கம் கார்டே வேண்டாம், தள்ளினா திறக்கிற மாதிரி ஒரு கைப்பிடி போட வெச்சா. முடிஞ்சுதுன்னு நினைச்சா.

மறுநாள் ஒண்ணு பத்துக்கு லிஸ்ட்ல ஸ்டாக் ரெண்டு வந்துச்சு. பூட்டு திறந்துச்சு. ஒரு நிமிஷம் இருந்துச்சு, போச்சு. மிளகு பயந்துக்கிட்டே தன் கணக்கைத் திறந்து பாத்தா. எதுவும் குறையல.

கூடியிருந்துச்சு.

அவ கேக்காத ஒரு அனுமதி. மறுநாள் இன்னொண்ணு. அதுக்கு மறுநாள் இன்னொண்ணு. இப்ப அவ கார்டுக்குத் திறக்காத கதவே அந்தக் கட்டடத்துல கிடையாது. சில நாள் தெருவுல நடந்து போனா, பக்கத்துல இருக்கிற கடைக் கதவெல்லாம் அவ கிட்டப் போகாமலேயே திறந்து வழி விடுதாம்.

பொது ஃபோல்டர்ல ஒரே ஒரு ஃபைல். தினம் அழிக்கிறா, தினம் ஒண்ணு பத்துக்கு அதே இடத்துல வந்து கிடக்கு. அதுல இருவத்தொன்பது வரி. கடைசியில தனியா ஒண்ணு.

எச்சரிக்கையைப் பார்த்தவர்: மிளகு. ஒண்ணு பத்தொன்பது. திறந்தது: ஒண்ணு நாப்பத்திமூணு.

இது வரைக்கும் அதை வேற யாரும் பாக்கல, என்கிட்ட மட்டும்தான் அவ சொல்லியிருக்கா. எனக்குத்தான் மண்டை வெடிக்குது. அக்கா இவளைத் தினம் ஒரு படி மேல ஏத்திக்கிட்டே இருக்கிறது நன்றிக்கா? இல்லை, சாவி சாரு அளவுக்கு உச்சியில உக்கார வெச்சிட்டு, அப்புறம் ஒண்ணொண்ணா புடுங்கலாம்னா? அந்த இருவத்திநாலு நிமிஷத்தை அக்கா எந்தக் கணக்குல வெச்சிருக்கான்னு நீங்க நினைக்கிறீங்க?